குரோஷே தெரியுமா? உடனே 'சைடு இன்கம்'னு கிளம்பிடாதீங்க!



எஸ்ஐபி, ஹோம் லோன், டாக்ஸ், இந்த மூணுக்கும் அடுத்தபடியா நம்ம சேனலுக்கு அதிகமா வர்ற கேள்வி எது தெரியுமா? "மேடம், எனக்குக் குரோஷே தெரியும். வேலைக்குப் போய்க்கிட்டே இதை சைடு இன்கமா மாத்தலாமா?" இல்லைன்னா, "என் ஒய்ஃப் ஆரி ஒர்க் கிளாஸ் முடிச்சிருக்காங்க. வீட்ல இருந்தே ஆர்டர் எடுக்கச் சொல்லலாமா?"

"தாராளமா எடுங்க, மாசம் இருபதாயிரம் வரும்"னு ஒரு வீடியோ போட்டா நல்லா ஓடும். ஆனா என் கருத்து அது இல்லை. ரெண்டு பேரும் வேலைக்குப் போற, வீட்ல சின்னக் குழந்தை இருக்கிற ஒரு குடும்பத்துக்கு, கை வேலையை வருமானமா மாத்துறது பெரும்பாலும் நஷ்டக் கணக்குதான். அதைச் செலவாவே வெச்சுக்கிறது நல்லது. மாச பட்ஜெட்ல தனியா ஒரு வரி எழுதி, யாருக்கும் பதில் சொல்லாம செய்ற செலவு.

ஃபைனான்ஸ் சேனல் நடத்துற ஆள் செலவு பண்ணச் சொல்றாளேன்னு தோணும். கணக்கைப் பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க.

இன்ஸ்டாகிராம்ல இப்போ எங்க பார்த்தாலும் உல்லன் நூல்ல பின்னுன குட்டி முயல், கரடி பொம்மைகள்தான். ஒரு உள்ளங்கை அளவு முயலையே எடுத்துக்குவோம். இது ஒரு உதாரணக் கணக்குதான், உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திப் பார்த்துக்கலாம். நூல், உள்ளே அடைக்கிற பஞ்சு, பிளாஸ்டிக் கண்ணு எல்லாம் சேர்த்து 150 ரூபாய். விக்கிற விலை 600. கூரியரும் பேக்கிங்கும் 90 ரூபாய், அது உங்க தலையிலதான். கையில நிக்கிறது 360.

சரி, நேரம்? பின்னி, தலையையும் காதையும் கை காலையும் சேர்த்துத் தைச்சு முடிக்க 7 மணி நேரம்னு வைங்க. போட்டோ எடுத்துப் போடணும். "லாஸ்ட் ப்ரைஸ் எவ்ளோ சிஸ்?"க்கு பதில் சொல்லணும். "இதே முயல் லாவண்டர் கலர்ல கிடைக்குமா?"க்கு பதில் சொல்லணும். கேட்டவங்கள்ல பாதிப் பேர் அப்புறம் பேசவே மாட்டாங்க. பேக் பண்ணி கூரியர் ஆபீஸ் வரைக்கும் போகணும். இதுக்கெல்லாம் 2 மணி நேரம். ஆக 9 மணி நேரத்துக்கு 360 ரூபாய். மணிக்கு 40.

இப்போ உங்க சம்பளத்தை இதே மாதிரி வகுத்துப் பாருங்க. மாசம் 40,000 கையில வாங்குறவங்க 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம் வேலை பார்த்தா 198 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 200 ரூபாய். அதாவது, ஆபீஸ்ல உங்க நேரத்தை 200-க்கு வித்துட்டு, மிச்சம் மீதி இருக்கிற, வீட்டுக்கே பத்தாத நேரத்தை 40-க்கு விக்கிறீங்க. அந்த 9 மணி நேரம் ஆபீஸ் நேரத்துல இருந்து வராது. தூக்கத்துல இருந்து வரும், இல்லைன்னா பிள்ளை கூட உக்கார்ற நேரத்துல இருந்து வரும்.

"அப்போ விலையை ஏத்திட்டா போச்சு"ன்னு சொல்லலாம். மணிக்கு 200 வேணும்னா உழைப்புக்கு 1,800, பொருளும் கூரியரும் 240, மொத்தம் 2,040 ரூபாய். ஒரு குட்டி முயலுக்கு. கடையில மெஷின்ல தைச்ச டெடி பியரோட விலையைப் பார்த்துட்டு வர்றவங்க இந்த விலையைக் கேட்டா என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். வாங்குறவங்களும் ஒண்ணு இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா அவங்களைத் தேடிப் பிடிக்கிறது பின்னுறதை விடப் பெரிய வேலை.

இங்க ஒரு சின்ன விஷயம். ஸ்வெட்டர், பனியன் துணி மாதிரி நிட்டிங் வகையை மெஷின் அழகா பின்னிடும். திருப்பூரே அதுலதான் ஓடுது. ஆனா குரோஷேவை அப்படி மொத்தமா பின்னித் தள்ளுற மெஷின் இன்னும் கடைக்கு வரல. அதனால ஷோரூம்ல 500 ரூபாய்க்கு ஒரு நிஜமான குரோஷே டாப் தொங்குதுன்னா, எங்கேயோ யாரோ ஒருத்தர் அதைக் கையாலதான் பின்னியிருக்காங்க. அந்த 500-ல கடைக்காரர், ஏஜென்ட், துணி கம்பெனி எல்லாரும் எடுத்தது போக அவங்களுக்கு என்ன கிடைச்சிருக்கும்? நீங்க போட்டி போடப் போறது அந்த விலையோடதான்.

இது இன்னிக்கு நேத்து ஆரம்பிச்ச கதை இல்லை. ஆந்திராவுல நர்சாப்பூர்னு ஒரு ஊர், மேற்கு கோதாவரிப் பக்கம். அங்க பெண்கள் வீட்ல உக்காந்து குரோஷே லேஸ் பின்னுவாங்க, அது வெளிநாட்டுக்குப் போகும். மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அங்க போய் ஆராய்ச்சி பண்ணி 1982-ல ஒரு புத்தகமே எழுதினாங்க. அவங்க பார்த்தது இதுதான்: அந்தப் பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவுல தினமும் பல மணி நேரம் பின்னுறாங்க. ஆனா ஊரும் வியாபாரியும் வீடும் அதை 'வேலை'ன்னு சொல்லல. "வீட்ல இருக்கிறவங்க ஓய்வு நேரத்துல பண்றது"ன்னு சொன்னாங்க. ஓய்வு நேரத்துல பண்றதுக்கு எதுக்குக் கூலி? அதனாலேயே கூலி அடிமட்டத்துல நின்னுச்சு, லாபம் வியாபாரிக்குப் போச்சு.

இப்போ "நீதான் சும்மா டிவி பார்த்துக்கிட்டே பின்னுறியே, நாலு காசு வர்ற மாதிரி பண்ணேன்"ங்கிற வசனத்தை யோசிங்க. வியாபாரி இடத்துல இன்ஸ்டாகிராம் வந்திருக்கு. மத்தபடி அதே வசனம்தான்.

ஆர்டர் எடுத்தா வீடு என்ன ஆகும்?

பணக் கணக்கை விட எனக்குப் பெரிசா படுறது இது. பொழுதுபோக்கா இருக்கும்போது கை வேலைக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. அது காத்திருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சலா? மூலையில வெச்சுடலாம். மாமனாருக்குக் கண் ஆபரேஷனா? ரெண்டு மாசம் கழிச்சு எடுத்துக்கலாம். ஆபீஸ்ல மார்ச் மாச குளோசிங்கா? ஏப்ரல்ல பார்த்துக்கலாம். நம்ம வாழ்க்கையில இப்படிக் காத்திருக்கிற விஷயம் வேற எது இருக்கு? இஎம்ஐ காத்திருக்காது, ஸ்கூல் பஸ் காத்திருக்காது, மேனேஜர் கண்டிப்பா காத்திருக்க மாட்டார்.

ஆர்டர்னு ஒண்ணு எடுத்த நிமிஷம் அந்தக் குணம் போயிடுது.

ஆரி ஒர்க்ல இது இன்னும் மோசம். கல்யாணப் பொண்ணு பிளவுஸ் எடுத்திருக்கீங்கன்னா முகூர்த்தம் தள்ளிப் போகாது. அதுவும் ஆர்டர் சீரா வராது. ஆடியிலயும் மார்கழியிலயும் ஃப்ரேம் காலியா நிக்கும். ஆவணி, தை, வைகாசியில ஒரே நேரத்துல நாலு பேர் வருவாங்க. உங்க லீவு பேலன்ஸோ, பிள்ளையோட பரீட்சையோ பஞ்சாங்கம் பார்த்து வராது. ராத்திரி 1 மணி வரைக்கும் குனிஞ்சு சுகர் பீட்ஸ் கோத்துட்டு, காலையில 6 மணிக்கு எழுந்து டிபன் கட்டி, 8:40-க்கு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற உடம்பு எத்தனை நாள் தாங்கும்? கண்ணுக்கும் கழுத்துக்கும் டாக்டர்கிட்ட கொடுக்கிற ஃபீஸை யாரும் அந்த பிளவுஸோட செலவுல எழுதுறதில்லை.

டூ பிஹெச்கே வீட்ல ஆரி ஸ்டாண்ட் எங்க போடுவீங்கங்கிறது அடுத்த கேள்வி. ஹால்ல போட்டா நடக்க வழி இல்லை. பெட்ரூம்ல போட்டா தூங்குறவங்களுக்கு லைட். தவழுற குழந்தை இருந்தா ஊசியும் பீட்ஸும் தரையில விழாம பார்க்கிறதே தனி டென்ஷன்.

இன்னொரு கூட்டம் இருக்கு, சொந்தக்காரங்க. "ஏம்மா, என் பேத்திக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுக் கொடேன், நூல் காசு நான் தந்துடுறேன்"னு பெரியம்மா கேட்பாங்க. அன்பாதான் கேட்கிறாங்க. கடையில 'நூல் காசு' மட்டும் கொடுத்து ஸ்வெட்டர் வாங்க முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும். பொழுதுபோக்கா பண்றவங்களுக்கு இதுல ஒரு வசதி உண்டு. "பண்றேன் பெரியம்மா, ஆனா அடுத்த குளிர்காலத்துக்குத்தான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். ஆர்டர் எடுக்குறவங்களுக்கு அந்த வசதி கிடையாது. பெரியம்மாவுக்கு இலவசமா கொடுத்தா அத்தைக்கு ரேட் சொல்ல முடியாது. அத்தைக்கு ரேட் சொன்னா அடுத்த விசேஷத்துல பேச்சு வேற மாதிரி இருக்கும்.

அப்போ என்னதான் பண்றது?

பட்ஜெட்ல வரி எழுதச் சொன்னேன் இல்லையா, அதுக்கு வருவோம். உங்க வருமானத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு தொகை. என் வீட்ல அது மாசம் 500 ரூபாய். சினிமா, ஸ்விக்கி எல்லாம் இருக்கிற அதே வரிசையில உக்காந்திருக்கு. அந்த மாசம் வாங்கலைன்னா அடுத்த மாசத்துக்குச் சேர்ந்துக்கும்.

இந்தப் பணம் எதுல கரையும்னா நூல்லதான். குரோஷே பண்றவங்க வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க, பின்னப் போறோம்னு வாங்கின நூல் பின்னின நூலை விட அதிகமா இருக்கும். ஆஃபர்ல பத்து உருண்டை வாங்குறது, வாங்கிட்டு டிசைன் தேடுறது, தேடினா அதுக்கு நூல் ரெண்டு உருண்டை குறையறது, அதே ஷேடு நம்பர் கடையில தீர்ந்து போயிருக்கிறது. அதனால முதல்ல டிசைன், அப்புறம் அதுக்கு வேண்டிய அளவு நூல். இந்த ஒரு வரிசையை மாத்தினாலே பாதிச் செலவு நிக்கும்.

எம்ப்ராய்டரி மெஷினை இஎம்ஐயில வாங்குற யோசனை இருந்தா கொஞ்சம் நில்லுங்க. "ஆர்டர் எடுத்து அடைச்சுடலாம்"னு சொல்லித்தான் விப்பாங்க. மெஷின் வந்த மாசத்துல இருந்து இஎம்ஐக்காகவே ஆர்டர் தேடணும். பொழுதுபோக்கைக் கடன்ல வாங்கினா அது அன்னிக்கே ரெண்டாவது வேலையா மாறிடும்.

நான் பணத்தை விட முக்கியமா பார்க்கிறது நேரத்தை வாங்குறதை. மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல ஒரு எண் இருக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்ற பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் அதுல செலவு பண்றாங்க. அந்த வேலை செய்ற ஆண்கள் 88 நிமிஷம். வித்தியாசம் 201 நிமிஷம், மூணு மணி நேரத்துக்கும் மேல. ஆக, "ஒய்ஃபுக்குப் பின்ன நேரமே கிடைக்க மாட்டேங்குது"ன்னு சொல்ற தம்பிகளுக்கு என் பதில் நேரடியானது. ராத்திரி பாத்திரத்தை நீங்க எடுத்துக்கோங்க. முப்பது நிமிஷம். அது முடியாதுன்னா பாத்திரம் கழுவ ஒரு அக்காவைப் பேசி வெச்சு, அந்தச் சம்பளத்தைக் கை வேலை பட்ஜெட்ல எழுதுங்க. புது நூல் வாங்கிக் கொடுக்கிறதை விட அதுதான் உருப்படியான பரிசு. பொறந்தநாளுக்கு 3,000 ரூபாய்க்கு குரோஷே கிட் வாங்கிக் கொடுத்துட்டு, அதைப் பிரிச்சுப் பார்க்க நேரம் கொடுக்காத வீடுகள் எனக்கே நாலஞ்சு தெரியும்.

ஆண்கள் பின்னினா தலைகீழா அப்படியே பொருந்தும். சிரிக்காதீங்க, வட இந்தியாவுல ஜர்தோசி வேலை காலங்காலமா பெரும்பாலும் ஆண்கள் கையிலதான் இருக்கு.

எந்தக் கை வேலையை எடுக்கிறோம்ங்கிறதுலயும் விஷயம் இருக்கு. குழந்தை இருக்கிற வீட்டுக்குக் குரோஷே நல்லாப் பொருந்தும். ஊசியில ஒரே ஒரு லூப்தான் உயிரோட இருக்கும். "அம்மா!"ன்னு கூப்பிட்டா அந்த லூப்பைக் கொஞ்சம் நீளமா இழுத்து, ஒரு சேஃப்டி பின் மாட்டிட்டு எழுந்துடலாம். பிள்ளை இழுத்துட்டாலும் கொஞ்சம்தான் பிரியும். நிட்டிங்ல ஒரு வரிசை முழுக்க ஊசியில நிக்கும், ஊசி உருவினா பத்து இருபது லூப் ஒண்ணா நழுவும். அதனால பிள்ளை தூங்கின பிறகுதான் நிட்டிங். ஆரிக்கு இடமும் வெளிச்சமும் வேணும், அது ஞாயித்துக்கிழமை வேலை. கம்பெனி பஸ்ல, எலக்ட்ரிக் ட்ரெயின்ல உக்கார இடம் கிடைக்கிறவங்களுக்கு, பைக்குள்ள அடங்குற சின்னச் சதுரங்களா பின்னி, கடைசியில சேர்த்துத் தைக்கிற போர்வைதான் சரியான ப்ராஜெக்ட். நான் அப்படித்தான் ஒண்ணு பின்னிக்கிட்டிருக்கேன். ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் முடியல. யாரும் டெலிவரி டேட் கேட்கல.

நம்ம அம்மாக்கள் ஒயர் கூடை பின்னினாங்களே, சிவன் கண், நெல்லிக்காய்னு டிசைன் வெச்சு, அதுலயும் சில பேர் வித்தாங்க, பல பேர் விக்கல. மத்தியான நேரத்துல பக்கத்து வீட்டு அக்காவோட திண்ணையில உக்காந்து பேசிக்கிட்டே பின்னினதுதான் அதுல பாதி. அந்த மத்தியான நேரத்துக்கு யாரும் ரேட் போட்டதில்லை.

இல்ல மேடம், எனக்கு அந்தப் பணம் நிஜமாவே வேணும்

இப்படிச் சொல்றவங்களும் இருக்காங்க. வீட்ல ஒருத்தர் வேலை போயிருக்கலாம், கடன் இருக்கலாம். இல்லைன்னா கை வேலையில உங்களுக்கு அசாத்தியத் திறமை இருக்கலாம். அவங்களுக்கு நான் சொல்றது, அதை 'சைடு'ன்னு சொல்லாம தொழிலாவே பண்ணுங்க.

பொருள் செலவை மட்டும் பார்த்து விலை சொல்லாதீங்க. முதல் மூணு பீஸுக்கு மொபைல்ல டைமர் போட்டு, நிஜ மணி நேரத்தை எழுதி வைங்க. மணிக்கு இவ்வளவுன்னு ஒரு கூலியை நீங்களே முடிவு பண்ணி, அதுக்குக் கீழே போற ஆர்டரை விட்டுடுங்க. பாதிப் பணம் அட்வான்ஸா வராம ஊசியைத் தொடாதீங்க. மாசத்துக்கு எத்தனை ஆர்டர்ங்கிறதை உங்க வீட்டு காலண்டர் முடிவு பண்ணட்டும். பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிற மாசத்துல பூஜ்யம்னா பூஜ்யம்தான். ஆரி தெரிஞ்சவங்களுக்கு, ஒரு பிளவுஸை ராத்திரி முழுக்கக் குனிஞ்சு போடுறதை விட, வாரக் கடைசியில அஞ்சு பேருக்குக் கிளாஸ் எடுக்கிறது மணிக்கு அதிகம் தரும். ஏன்னா அதே ரெண்டு மணி நேரத்துக்கு அஞ்சு பேர் பணம் கட்டுறாங்க.

மாசச் சம்பளக்காரங்க மறக்குற ரெண்டு விஷயம். ஒண்ணு, உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. வேற தொழிலோ வேலையோ செய்யக் கூடாதுன்னு பல கம்பெனிகள் அதுல எழுதியிருக்கும். படிச்சுட்டு, தேவைன்னா ஹெச்ஆர்கிட்ட எழுத்துல கேட்டு வைங்க.

ரெண்டாவது டாக்ஸ். வித்து வர்ற லாபம் தொழில் வருமானம். சம்பளத்துக்குப் போடுற ஐடிஆர்-1 அப்போ செல்லாது. சின்ன வியாபாரங்களுக்கு உத்தேச வரி முறைன்னு ஒண்ணு இருக்கு. அதுல விற்பனைத் தொகையில குறைஞ்சது 8 சதவீதம், யூபிஐ, பேங்க் வழியா வந்த பணத்துக்குக் குறைஞ்சது 6 சதவீதம் லாபம்னு காட்டி ஐடிஆர்-4 போடலாம். பில் புத்தகம் எல்லாம் பெரிசா வெச்சுக்க வேண்டியதில்லை. ஆனா நூல் வாங்குறது, ஆர்டர் பணம் வர்றது ரெண்டுக்கும் சம்பள அக்கவுண்டைத் தொடாம தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் வெச்சுக்கோங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த பாஸ்புக்கையும் டைமர் நோட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, மணிக்கு எவ்வளவு நின்னுச்சுன்னு தெரிஞ்சுடும். ஐடிஆர்-4 எப்படிப் போடுறதுன்னு ஸ்க்ரீன்ல காட்டி, தனியா ஒரு வீடியோ போடுறேன்.